பதினேழாம் கேள்வி

லிமாவின் தென்கோடிக் குன்றில்
நூற்றெழுபத்து நான்கு படிகள்.
எண்ணிக்கொண்டேதான் ஏறினேன்,
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
வீட்டுக்குப் பதினான்கு சோல்,
படிவம் முழுசாக நிரம்பினால் மட்டும்.

எதெல்வீனா வார்க்காயா கதவைத் திறக்கவில்லை.
கதவு இல்லை. போர்வையை விலக்கினாள்.
பெருந்தொற்று ஓய்ந்து இரண்டு வருடமாகியும்
வாசலில் இருந்த நீல டிரம்மில்
அரசாங்க ஸ்டிக்கர் உரியாமல் இருந்தது:
சிரிக்கும் சோப்பு, இருபது வினாடி.

முதல் பதினாறு கேள்வியும் சுலபம்.
வயது ஐம்பத்தொன்று.
தொழில், யாரோ ஒருவர் கடைக்கு
உருளைக்கிழங்கு தோலுரிப்பது.
வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு
ஏழு என்றாள், பிறகு ஆறு என்றாள்.
ஆறு என்று குறித்தேன்.

பதினேழு:
'சுகாதாரச் செய்திகள் உங்களை வந்தடைந்தன.
எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்,
ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள்.'

என்னை உட்காரச் சொன்னாள்.

வந்தது, நன்றாகவே வந்தது.
ஒலிபெருக்கிக் கார் கீழ்ச்சாலை வரை வந்தது,
தண்ணீர் லாரியும் அதுவரைதான் வரும்.
சத்தத்துக்கு மூட்டு வலியில்லை, தானே ஏறிவிட்டது.
தண்ணீரை நாங்கள்தான் ஏற்றவேண்டும்.
டிரம் மூன்று சோல்.
லாரி செவ்வாய் வரும்,
இல்லையென்றால் அடுத்த செவ்வாய்.
ஒரு தடவை கழுவ ஒரு செம்பு என்று வை,
ஆறு பேர், நாளைக்கு எட்டுத் தடவை,
விரல் மடக்கி எண்ணினாள்,
சமைக்காமல் குடிக்காமலே
வெள்ளி ராத்திரி டிரம் காலி.
சனிக்கிழமைக் கிருமியிடம் யார் போய்ச் சொல்வது,
செவ்வாய் வரை பொறுத்துக்கொள் என்று?

நான்கு போடட்டுமா, என்றேன்.
உன் இஷ்டம்.

தகர இடுக்கிலிருந்து ஒரு துண்டறிக்கையை உருவினாள்.
கெச்சுவாவில் அச்சிட்டது.
மூலம் எனக்கு மனப்பாடம், ஸ்பானியத்தில்
நோசோத்ரோஸ் வெல்வோம் என்று முடியும்.
அது ஒரே சொல்,
அமைச்சரும் அதற்குள், இந்தக் குன்றும் அதற்குள்.
இவள் மொழியில் இரண்டு உண்டு:
கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் நாம்,
அவனை வெளியே நிறுத்தும் நாங்கள்.
துண்டறிக்கை நாம் என்றது.
அதைக் கரித்துண்டால் அடித்து
மேலே யாரோ நாங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

யூபர் எழுதியது, என்றாள்.
முதலில் ஏழு என்று சொன்னேனே.

பேனாவை மூடினேன்.
அவள் மூடவிடவில்லை. இப்போது என் முறை, என்றாள்.

மே மாதம், பனிமூட்டம் இறங்குவதற்கு முன்,
அரிசி தீர்ந்த வீடெல்லாம்
கூரையில் வெள்ளைத் துணி கட்டினோம்.
படுக்கை விரிப்பு, தலையணை உறை,
பக்கத்து வீட்டுப் பெண்ணின் முதல்நன்மைக் கவுன்.
நெடுஞ்சாலையில் போகிற எவருக்கும் தெரியும்.
அந்தச் செய்தி உங்களை வந்தடைந்ததா?
ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்.

அந்த மே மாதம் நான்
மிராஃப்ளோரெஸில், அக்காள் வீட்டு நான்காம் மாடியில்
ஈஸ்ட் கிடைக்காத கவலையில் இருந்தேன்.
டிவியில் குன்றைக் காட்டினார்கள், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தோம்.
துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.
பரவாயில்லை, மேலே தண்ணீர் கிடைக்கிறது
என்றுகூட நினைத்தேன்.

இறங்கும்போது படிகளை எண்ணவில்லை.

திங்கட்கிழமை, தரவைச் சுத்தம் செய்கிற பையன் கூப்பிட்டான்.
இந்த வீட்டில் ஏன் ஆறை அடித்து ஏழு?
பதினேழில் ஏன் தொண்ணூற்றொன்பது?
தொண்ணூற்றொன்பது என்றால்
பதில் அளிக்கவில்லை என்று அர்த்தம், தெரியுமில்லையா?

தெரியும். பதில் அளிக்கவில்லை, என்றேன்.

யார் என்று அவன் கேட்கவில்லை.
அந்த வீட்டுக்குப் பதினான்கு சோல் வராது
என்று மட்டும் சொன்னான்.